கேமராவுக்குத் தனி வழி: வீடுகளில் சிசிடிவி மாட்டித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் கேமரா மாட்டி, கேபிள் இழுத்து, நெட் இணைப்பும் சேர்த்துத் தரும் டெக்னீஷியன் தோழர்களுக்கு,



ஒரு வீட்டு வேலை எப்படிப் போகும் என்பது உங்களுக்கு அத்துப்படி. கேட்டருகே ஒன்று, கார் நிற்கும் இடத்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என நாலு கேமரா. நாலு கேபிளும் பி.ஓ.இ. சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து ஒரு பேட்ச் கார்டு என்விஆருக்கு. இன்னொன்று நெட் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன ரௌட்டருக்கு. பார்ட்டியின் போனில் ஆப்பை இறக்கி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, கேட்டுக்கு வெளியே நிற்கும் ஸ்கூட்டர் திரையில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. மீதிப் பணம் கைக்கு வரும்.

இந்த மடல் அந்தக் கடைசி பேட்ச் கார்டைப் பற்றியது. ரௌட்டரில் அதைச் செருகிய நொடியிலிருந்து, மழையில் நனையும் கேட் கேமராவும், வீட்டுக்காரர் பேங்க் கணக்கு பார்க்கும் லேப்டாப்பும், பிள்ளை ஆன்லைன் வகுப்பு படிக்கும் டேப்லெட்டும், கல்யாண போட்டோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கும் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிடுகின்றன. வாசலில் பூட்டு இருக்கிறது. உள்ளே எந்த அறைக்கும் கதவில்லை. அந்தக் கதவுகளை வைத்துத் தரும் கருவி மேனேஜ்டு சுவிட்ச். வீட்டுக்காரருக்கு அதைப் பற்றித் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் உங்களை நம்பித்தான் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போகிறார். அதனால்தான் மடல் அவருக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

கேமராவால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் 2016-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் மிராய் என்ற தீநிரல் பரவத் தொடங்கியது. அது குறிவைத்தது கம்ப்யூட்டர்களை அல்ல. ஐபி கேமராக்களையும் டிவிஆர்களையும் வீட்டு ரௌட்டர்களையும். அதன் வழிமுறை மிக எளிது. இணையத்தில் கண்ணில் படும் ஐபி முகவரிகளை எல்லாம் டெல்நெட் வழியாகத் தட்டும். கதவு திறந்தால், தன்னிடம் உள்ள அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாம் கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் பாஸ்வேர்டுகள். ஒன்று பலித்தால் அந்தக் கேமரா அதன் படையில் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகும் கேமரா படம் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டுக்காரருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

அப்படிச் சேர்ந்த படை செப்டம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் இணையதளத்தின் மேல் நொடிக்கு 620 கிகாபிட் அளவில் போலிப் போக்குவரத்தைக் கொட்டியது. அன்றைய கணக்கில் அது வரலாறு காணாத அளவு. அந்த மாதக் கடைசியில் மிராயின் மூல நிரல் வெளியில் விடப்பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களை அது தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. உச்சத்தில் இருந்தபோது மிராயின் கையில் சுமார் 6 லட்சம் கருவிகள் இருந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இத்தனையையும் தொடங்கி வைத்த மூவர் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவரான பராஸ் ஜா, நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

இதில் டெக்னீஷியன்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மிராயிடம் சிக்கிய டிவிஆர்களில் பல, சீனாவின் ஷியோங்மாய் என்ற நிறுவனத்தின் உள்பாகங்களைக் கொண்டவை. வெளியே ஒட்டியிருந்த பிராண்டு பெயர்கள் வேறு வேறு. வெப் பக்கத்தில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினாலும், டெல்நெட்டுக்கான பாஸ்வேர்டு ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததால் அது மாறவில்லை. அதாவது, ஒழுங்காக பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்த டெக்னீஷியனின் உழைப்பும் அங்கே வீணானது. கருவியை ரீஸ்டார்ட் செய்தால் தீநிரல் போய்விடும். ஆனால் திறந்த கதவு திறந்தபடியே இருந்ததால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும்.

ஆக, கேமராவின் பாஸ்வேர்டு கடைசி அரணாக இருக்க முடியாது. கேமராவுக்கு வெளியே, அது செருகப்பட்டிருக்கும் இடத்தில் இன்னொரு அரண் வேண்டும்.

அது ஏதோ பேர் தெரியாத மலிவு டப்பாவின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கேமராக்களில் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாமல், அதற்கென்றே தயாரித்து அனுப்பிய ஒரு கோரிக்கையால் கேமராவை முழுதாகக் கைப்பற்ற முடிந்தது. பத்துக்கு 9.8 என்று அதன் தீவிரம் மதிப்பிடப்பட்டது. நிறுவனம் திருத்தப்பட்ட ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஆனால் அதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் கேமராவில் யார் ஏற்றுவது? அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் வெர்கடா நிறுவனத்தின் வழியாக ஒன்றரை லட்சம் கேமராக்களின் காட்சிகள் வெளியாட்களின் கைக்குப் போயின. மருத்துவமனைகளும் சிறைகளும் அதில் அடக்கம்.

அரசுகள் விழித்துக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான டீஃபால்ட் பாஸ்வேர்டோடு வீட்டு உபயோக ஸ்மார்ட் கருவிகளை விற்பது சட்டவிரோதம். இந்தியாவில் மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட கேமராக்களையே விற்க வேண்டும் என்றானது. நல்ல விதிதான். ஆனால் அதற்கு முன்பே சுவரேறிய கேமராக்களை எந்த விதியும் இறக்கி வைக்காது. அவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும், அவற்றை மாட்டியவர்களும் நீங்கள்தான்.

இனி சுவிட்சுக்கு வரலாம்.

சாதா சுவிட்ச் செய்வது ஒரே வேலை. எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி இருக்கிறது என்று தானாகக் கற்றுக்கொண்டு, வரும் தரவை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இந்த யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கல்பனா என்ற கலிஃபோர்னியா நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். 1990-இல் வந்த அதன் ஈதர்சுவிட்சில் 7 போர்ட்கள். 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று நீங்கள் ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கும் எட்டு போர்ட் டப்பா அந்த வம்சம்தான்.

மேனேஜ்டு சுவிட்சுக்கு இதோடு ஒரு நிர்வாகப் பக்கமும் உண்டு. அதில் முதன்மையானது விலேன்: ஒரே சுவிட்சை ஒன்றோடொன்று பேசாத பல சுவிட்சுகளாகப் பிரிக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு டேக் சேர்த்து, அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று எண் போடுவார்கள். 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். 1998-இல் 802.1கியூ என்ற பெயரில் இது தரமாக்கப்பட்டதால், ஒரு கம்பெனி சுவிட்ச் போடும் டேக்கை இன்னொரு கம்பெனி ரௌட்டர் படிக்கும். முன்பு பெரிய அலுவலகங்களில் மட்டும் இருந்த இந்த வசதி, இப்போது டிபி-லிங்க், நெட்கியர் போன்றவற்றின் ‘ஸ்மார்ட்’ வகை எட்டு போர்ட் சுவிட்சுகளிலேயே வருகிறது. சாதா சுவிட்சுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் ஓராயிரம் ரூபாய் அளவுதான். ஒரு நல்ல கேமராவின் விலையில் பாதிகூட இல்லை.

வேகம் கூடும் என்று சொல்லி இதை விற்க வேண்டாம். நாலு மெகாபிக்சல் கேமரா ஒன்று, எச்.265-இல், நொடிக்கு நாலு மெகாபிட் அளவில்தான் அனுப்பும். நாலு கேமரா சேர்ந்தாலும் கிகாபிட் சுவிட்சுக்கு அது ஒரு சுமையே அல்ல. பிரித்து வைப்பதற்காக மட்டுமே இதை வாங்குகிறோம் என்று பார்ட்டியிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

சென்னைப் புறநகரில் பழகிப்போன ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மாடியில் வீட்டுக்காரர், கீழே குடித்தனம், ஒரே ஃபைபர் இணைப்பு. கீழ்வீட்டுக்கும் ஒரு கேபிள் இறங்குகிறது. வாடகையோடு நெட்டும் சேர்த்தி. இப்போது இருக்கும் நிலையில் கீழ்வீட்டுப் பையன் நினைத்தால் மேல்வீட்டு என்விஆரின் லாகின் பக்கத்தைத் தன் போனில் திறக்கலாம். மேல்வீட்டிலிருந்தும் கீழ்வீட்டுக் கருவிகளைத் துழாவலாம். இரண்டு குடும்பத்துக்குமே அது நல்லதல்ல.

இங்கே மூன்று பிரிவு போதும். 10 வீட்டுக்காரருக்கு, 20 கேமராவுக்கு, 30 குடித்தனத்துக்கும் விருந்தினர் வைஃபைக்கும். எட்டு போர்ட்டில் முதலாவது ரௌட்டருக்கு. இதில் மூன்று பிரிவும் டேக்கோடு போகும். இரண்டாவது வைஃபை ஆக்சஸ் பாயின்டுக்கு. இதில் 10, 30 இரண்டும் டேக்கோடு. மூன்றும் நான்கும் வீட்டுக்காரரின் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும். ஐந்து கீழ்வீட்டுக்கு. ஆறில் என்விஆர். ஏழில் கேமராக்கள் சேர்ந்திருக்கும் அந்தப் பழைய பி.ஓ.இ. சுவிட்சை அப்படியே தொங்கவிடலாம். அது சாதா சுவிட்சாகவே இருக்கட்டும். அதில் உள்ள எல்லாமே 20 என்பதால் பிரச்சினை இல்லை. எட்டாவதை மட்டும் எதிலும் சேர்க்காமல், ஆரம்ப நிலையில் விலேன் 1-லேயே விட்டு வையுங்கள். செட்டிங்கில் எங்காவது கைதவறி வெளியே பூட்டிக்கொண்டால், லேப்டாப்பை எட்டில் செருகி உள்ளே வரலாம். இல்லையென்றால் ஊசியால் ரீசெட் பட்டனை அமுக்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முதல் தடவை செய்பவர்கள் வீட்டு நெட்வொர்க்கில் சேர்க்காமல் லேப்டாப்பையும் சுவிட்சையும் நேராக இணைத்துக்கொள்வது நல்லது. சுவிட்சின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் ஐபி இருக்கும். டிபி-லிங்கின் எட்டு போர்ட் வகையில் வழக்கமாக 192.168.0.1. பல வீட்டு ரௌட்டர்களுக்கும் அதே முகவரி என்பதால்தான் தனியாக வைத்துச் செய்யச் சொல்வது. லேப்டாப்புக்கு 192.168.0.10 என்று கையால் கொடுத்து, பிரவுசரில் திறந்து, முதல் வேலையாக பாஸ்வேர்டையும், அடுத்து சுவிட்சின் ஐபியையும் மாற்றிவிடுங்கள். புது ஃபர்ம்வேர் இருந்தால் அப்போதே ஏற்றிவிடுங்கள். பிறகுதான் விலேன்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. விலேன் 20-ஐ உருவாக்கி, ஆறு, ஏழு போர்ட்களை ‘அன்டேக்டு’ என்றும் ஒன்றை ‘டேக்டு’ என்றும் குறித்து அப்ளை கொடுத்ததும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. பிவிஐடி என்று இன்னொரு பக்கம் பல மாடல்களில் தனியாக இருக்கும். அன்டேக்டு என்பது போர்ட்டிலிருந்து வெளியே போகும் தரவுக்கான கட்டளை. பிவிஐடி என்பது உள்ளே வரும் தரவுக்கானது. கேமரா டேக் போட்டு அனுப்பாது. அது அனுப்புவதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று சுவிட்ச் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆறுக்கும் ஏழுக்கும் பிவிஐடியை 20 என்று மாற்றாமல் விட்டால், கேமரா பேசுவதெல்லாம் இன்னும் விலேன் 1-க்கே போகும். அதே போர்ட்களை விலேன் 1-இலிருந்து நீக்கவும் மறந்திருந்தால் இன்னும் மோசம்: கேமராவுக்குப் பழைய நெட்வொர்க்கின் ஐபியே கிடைக்கும், படம் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும், பிரிவினை மட்டும் நடந்திருக்காது. படம் தெரிகிறதா என்று பார்ப்பது இந்த வேலைக்குச் சோதனை ஆகாது. ஏழில் உள்ள பி.ஓ.இ. சுவிட்சைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைச் செருகுங்கள். ரௌட்டரில் 20-க்கென வைத்த, 192.168.20-இல் தொடங்கும் ஐபி வர வேண்டும். அங்கிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரை பிங் செய்தால் பதில் வரக்கூடாது. பதில் வராததுதான் இங்கே வெற்றி.

அடுத்தது சேவ். சில சுவிட்சுகளில் அப்ளை கொடுப்பது அந்த நேரத்துக்கு மட்டும்தான். ‘சேவ் கான்ஃபிக்’ என்று மெனுவில் தனியாக இருப்பதை அமுக்கினால்தான் நிரந்தரம். சிஸ்கோவில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கம். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். மறுநாள் காலை லைன்மேன் ட்ரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்க்கக் கரண்ட்டை நிறுத்துவார். வந்ததும் சுவிட்ச் பழையபடி ஒரே ஹாலாகத் திரும்பியிருக்கும். அதனால் சைட்டை விட்டுக் கிளம்பும்முன் சுவிட்சின் அடாப்டரை ஒருமுறை பிடுங்கிச் செருகிப் பாருங்கள். செட்டிங் ஃபைலை பேக்கப் எடுத்து வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள்.

மேனேஜ்டு சுவிட்ச் மட்டும் தனியாக இந்த வேலையை முடிக்காது என்பதையும் பார்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சுவிட்ச் பிரிக்கும், பிரிந்தவற்றுக்கு ஐபி கொடுப்பதும், யார் யாரோடு பேசலாம் என்று முடிவு செய்வதும் ரௌட்டர். நெட் கம்பெனி தரும் ஓஎன்டி பெட்டிகள் பெரும்பாலும் வீட்டுப் பக்கத்தில் விலேன் வைக்க விடுவதில்லை. எனவே மைக்ரோடிக் போன்ற ஒரு ரௌட்டரோ, ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ஒரு ரௌட்டரோ இடையில் வேண்டும். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரும்படி நெட் கம்பெனியிடம் கேட்டால் சுத்தமாக இருக்கும். தர மறுத்தால் அதற்குப் பின்னால் புது ரௌட்டரை வைத்தும் ஓட்டலாம்.

அந்தச் செலவுக்குப் பார்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? கைவிட வேண்டாம். பி.ஓ.இ. போர்ட்கள் உள்ளேயே அமைந்த என்விஆர்களில் பல, கேமராக்களைத் தங்களுக்குப் பின்னால் தனி ஐபி வரிசையில் வைத்துக்கொள்கின்றன. கேமராக்களை அப்படி என்விஆரின் முதுகிலேயே செருகிவிட்டால், வீட்டு நெட்வொர்க்கில் தலைகாட்டுவது என்விஆர் ஒன்று மட்டும். அது முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் கேட் சுவரில் தொங்கும் கேபிளை யாராவது பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் நேராக வீட்டுக்குள் வந்துவிட முடியாது.

ரௌட்டரில் எழுத வேண்டிய விதிகள் கொஞ்சம்தான். 10-இலிருந்து 20-க்குப் போகலாம். வீட்டுக்காரர் தன் டிவியில் கேமரா பார்க்க வேண்டுமே. 20 தானாகத் தொடங்கி 10-க்கு வரக்கூடாது. 30 எங்கேயும் போகக்கூடாது, இணையத்துக்கு மட்டும் போகலாம். 20-இல் உள்ள கேமராக்கள் இணையத்துக்கே போகக்கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்று இருந்திருந்தால், மிராய் பிடித்த கேமராவால்கூட வெளியே ஒரு பொட்டலம் அனுப்பியிருக்க முடியாது.

இணையத்தை அடைத்ததும் ஒரு சிக்கல் வரும்: கேமராவின் கடிகாரம். அது இணையத்திலிருந்துதான் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அடைத்த பிறகு மெல்ல மெல்ல விலகும். திருட்டு நடந்த அன்று போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் வீடியோவில் நேரம் இருபது நிமிடம் தள்ளி இருந்தால், அந்த வீடியோவைப் பற்றி அத்தனை கேள்வியும் வரும். கேமராக்களின் என்டிபி முகவரியாக என்விஆரையோ ரௌட்டரையோ கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

வெளியூரிலிருந்து போனில் பார்க்க வேண்டும் என்பது எல்லாப் பார்ட்டியும் கேட்பது. மகன் துபாயில் இருப்பார், அப்பா அம்மா இங்கே தனியாக இருப்பார்கள், கேமராவே அதற்காகத்தான். இதைத் தடுப்பது போல எந்த அமைப்பும் இருக்கக்கூடாது. கேமராக்களை அடைத்து, என்விஆர் ஒன்றுக்கு மட்டும் இணையத்தைத் திறந்துவிட்டால் ஆப் வழக்கம்போல வேலை செய்யும். அதைவிட நல்லது ரௌட்டரில் வயர்கார்ட் விபிஎன் போட்டு, மகனின் போனில் அதைச் சேர்த்துக் கொடுப்பது. அப்போது என்விஆரும் வெளியே தெரியாது. நெட் கம்பெனி பொது ஐபி தராமல் பலரை ஒரே ஐபியில் வைத்திருந்தால் வயர்கார்டுக்கு வெளியிலிருந்து வழி கிடைக்காது. அங்கே முதல் வழியே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பிரிண்டரையும் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் கருவியையும் வீட்டுக்காரரின் 10-இலேயே வைத்துவிடுங்கள். அவை ஒன்றையொன்று கண்டுபிடிக்க அனுப்பும் அழைப்பு பிரிவு தாண்டிப் போகாது. தனிப் பிரிவில் வைத்தால் மறுநாளே போன் வரும்.

இந்தச் சுவிட்சால் உங்களுக்கே கிடைக்கும் லாபத்தையும் சொல்ல வேண்டும். பி.ஓ.இ. வசதியோடு வரும் மேனேஜ்டு சுவிட்சாகவே போட்டுவிட்டால், தொங்கிப்போன கேமராவை ஆன் ஆஃப் செய்ய இருபது கிலோமீட்டர் பைக் ஓட்ட வேண்டியதில்லை. விபிஎன்னில் உள்ளே வந்து, அந்த போர்ட்டின் பவரை நிறுத்திக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு போர்ட்டும் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியும். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் கொடுப்பது 15.4 வாட், கேபிள் இழப்பு போகக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். இரவில் ஐஆர் விளக்கு எரியும்போது மட்டும் ஒரு கேமரா அணைந்து அணைந்து வருகிறது என்றால் காரணம் அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். கிகாபிட்டில் ஓட வேண்டிய போர்ட் 100-இல் நிற்கிறது என்றால் கேபிளின் நாலு ஜோடியில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. ஜாக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேபிள் என்றதும் ஒரு விஷயம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிளைக் கேட் 6 என்று விற்கிறார்கள். உள்வயரைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பெட்டியும் கைக்கு லேசாக இருக்கும். அதன் மின்தடை செம்பைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பி.ஓ.இ. ஓடும் கேபிளில் அது சூடாகும், தூரத்துக் கேமராவுக்கு வோல்டேஜ் போதாது. சுவிட்சில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டுவிட்டுக் கேபிளில் இதை வைத்தால் மொத்தமும் பாழ். கேட் தூணுக்குப் போகும் கேபிள், ஐப்பசி இடி மழையில் மின்னலின் அதிர்வைச் சுவிட்சுக்கே கொண்டுவரும்; அந்த ஓட்டத்துக்கு மட்டும் எர்த்தோடு சேர்த்த சர்ஜ் ப்ரொடெக்டர் வையுங்கள்.

லூப்பையும் விட்டுவிட முடியாது. வீட்டைச் சுத்தம் செய்தவர் தொங்கிய கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிடுவார். சாதா சுவிட்சில் விளக்கெல்லாம் ஒன்றாக அடித்துக்கொள்ளும், வீடு முழுக்க நெட் போய்விடும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. சுற்றத் தொடங்கினால் நிற்காது. இதற்கு 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வழி கண்டவர் ரேடியா பெர்ல்மன். அவருடைய ஸ்பேனிங் ட்ரீ முறைதான் சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை அடைத்து வைக்கிறது. அதற்கும் அளவு உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், சுவிட்சுக்கு மேல் சுவிட்சாக அடுக்கி அந்த அளவைத் தாண்டிப்போன நெட்வொர்க் நாலு நாள் முடங்கி, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. வீட்டில் அவ்வளவு வராது. எளிய மாடல்களில் ‘லூப் ப்ரிவென்ஷன்’ என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் போதும்.

இந்த மடலில் மிகுந்த அக்கறையோடு கேட்க வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காரணம் புரிகிறது: நூறு சைட், ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கூப்பிடுவார், பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும். ஆனால் கடையின் பெயரும் 123-உம் சேர்ந்த அந்த ஒரு பாஸ்வேர்டு உங்களிடம் வேலை பார்த்துப் போன ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். அந்தப் பையன்களில் எவரும் தவறானவர் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் நூறு வீட்டின் கூடமும் படிக்கட்டும் ஒரே சாவியில் திறக்கின்றன. அந்த வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் தனியாக இருக்கும் நேரங்கள் அந்தக் கேமராக்களுக்குத் தெரியும். சைட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு, போனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர். அது இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தப் பாஸ்வேர்டின் சொந்தக்காரர் வீட்டுக்காரர். ஏஎம்சி புதுப்பிக்கவில்லை என்பதற்காக அதைத் தராமல் வைத்திருப்பது முறையல்ல. ஒரு முழுத் தாளில் எந்த போர்ட்டில் எது, எந்தப் பிரிவுக்கு எந்த எண், ரௌட்டர், சுவிட்ச், என்விஆர் மூன்றின் ஐபி, பேக்கப் ஃபைல் இருக்கும் இடம், எட்டாவது போர்ட் எதற்கு என்று எழுதி அவர் கையில் கொடுங்கள். போர்ட் விவரத்தை மட்டும் நகல் எடுத்து ரேக்கின் கதவுக்குள் ஒட்டுங்கள். பாஸ்வேர்டுகளை மூடிய கவரில் தனியாகக் கொடுங்கள். நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் வந்தாலும் அந்தத் தாளைப் பார்த்து உங்கள் வேலையைப் புரிந்துகொள்வார்.

ஏற்கெனவே முடித்த சைட்டுகளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட முடியாது. அடுத்த ஏஎம்சி விசிட்டில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து, எப்போதோ போட்டுவைத்த 8000, 37777, 554 இருந்தால் நீக்குங்கள். யுபிஎன்பியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் என்விஆர் தானே அந்தக் கதவை மறுபடி திறந்துகொள்ளும். கேமராவில் டெல்நெட், எஸ்எஸ்ஹெச் திறந்திருந்தால் மூடுங்கள். ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். 2021 செப்டம்பருக்கு முந்தையது என்றால் அன்றைக்கே மாற்றுங்கள், கம்பெனி புதியது தரவில்லை என்றால் அதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். செய்த வேலையையும் தேதியையும் பில்லில் தனி வரியாக எழுதி, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்ளுங்கள்.